நாலரை நட்சத்திரம்

ஸ்க்ரூடிரைவரின் இரும்பு நுனியைக் காற்றாடியின் பேரிங் மேல் ஊன்றி, மரப்பிடியைக் காதுக் குழியில் பொருத்தி, கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறார் ஜீவராஜ். தேயிலைக் கொழுந்து வாட்டும் மேல்மாடியில் பன்னிரண்டு காற்றாடிகள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு நிமிடம். வலது காதில் கேட்டது போதவில்லை என்றால் இடது காதுக்கு மாற்றிக்கொள்வார். அந்த நேரம் மேலதிகாரியான டீமேக்கர் ஐயாவே வந்து கூப்பிட்டாலும் திரும்ப மாட்டார். பிறகு கண்ணைத் திறந்து, "எட்டாம் நம்பரு ஒரு கெழமதான் தாங்கும். உள்ள மணல் அரைக்குது," என்பார். சொல்லிவைத்த மாதிரி அடுத்த கிழமை எட்டாம் நம்பர் நின்றுவிடும்.

தலவாக்கலையிலிருந்து கொத்மலைப் பக்கம் இறங்கும் சாலையில் உள்ள ஒரு தோட்டத்து ஸ்டோரில் மெஷின்களைப் பழுதுபார்க்கும் பிட்டர் அவர். தேயிலை அரைக்கும் தொழிற்சாலையை அங்கே ஸ்டோர் என்றுதான் சொல்வார்கள். வயது நாற்பத்து மூன்று. மெலிந்த உடம்பு, எப்போதும் ஒரே காக்கிக் காற்சட்டை. காதுகள் சின்னவை, தலையோடு ஒட்டியவை. இரண்டிலும் மரப்பிடி பட்டுப் பட்டு வட்டமாக ஒரு கிரீஸ் கறை, குளித்தாலும் போகாது. தோட்டத்தில் அவருக்குக் காதுக்கார அண்ணன் என்றே பெயர்.

தூள் சலிக்கும் பகுதியில் வேலை செய்யும் வினோதா அவரைக் கண்டால் சும்மா விடமாட்டாள்.

"அண்ணே, அத என் தலையிலயும் ஒருக்கா வச்சுப் பாருங்களேன். உள்ள ஏதாச்சும் ஓடுதான்னு."

முன்பெல்லாம், "இருந்தாத்தானே புள்ள ஓடும்," என்று பதில் வரும். இப்போது வருவதில்லை. அவளை ஒரு கணம் பார்த்துவிட்டு, "படியேறியா வந்த? மூச்சு வாங்குதே," என்று கேட்கிறார். "ஏறாம பறந்தா வருவாங்க?" என்று அவள் சிரிக்கிறாள். அவர் நகர்வதில்லை. அவளுடைய மூச்சு ஒரு சீருக்கு வரும்வரை அங்கேயே நின்று, பிறகுதான் கருவிப் பையைத் தூக்குகிறார். வினோதாவுக்கு அது சங்கடமாக இருக்கிறது. "நல்ல மனுசன்தான், ஆனா இப்ப பாக்குற பார்வை சரியில்ல," என்று தோழிகளிடம் சொல்லியிருக்கிறாள்.

பார்வைக்கு ஒரு காரணம் இருக்கிறது. அதைச் சொல்ல வேண்டுமானால் பாட்டிலிருந்து தொடங்க வேண்டும்.

ஜீவராஜின் தகப்பனார் துரை பங்களாவில் சமையல்காரராக இருந்தவர். ஒரு துரை மாற்றலாகிப் போகும்போது ஒரு பெட்டி நிறைய கேசட்டுகளை விட்டுப் போனார். தகப்பனார் அதை வீட்டுக்குத் தூக்கி வந்தது பாட்டுக் கேட்க அல்ல. உள்ளேயிருக்கும் நாடாவை உருவி லீக்ஸ் பாத்திக்கு மேல் கட்டினால் காற்றில் பளபளத்துக் குருவிகளை விரட்டும். பாதிப் பெட்டி அப்படிப் போனது. மீதிப் பாதியில் இருந்தவை அமெரிக்காவின் கிராமத்துப் பாட்டுகள். கிட்டாரை மடியில் மல்லாக்கக் கிடத்தி, தந்திமேல் இரும்புத் துண்டை வழுக்கவிட்டு வாசிப்பது அந்தப் பாட்டுகளில் ஒரு வழக்கம். அந்த இழுவை பன்னிரண்டு வயதில் காதுக்குள் போனது, வெளியே வரவில்லை. சொற்களுக்குப் பொருள் தெரிய இன்னும் இருபது வருடம் ஆனது. தலவாக்கலை ஸ்டேஷன் பக்கத்தில் போன் திருத்தும் கடை வைத்திருக்கும் ஃபாஸிலின் தங்கை ஷப்னா, பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படிப்பிப்பவள், ஒரு நாள் உட்கார்ந்து வரி வரியாகச் சொன்னாள். சரிந்த சுரங்கம். கம்பெனி கட்டிக்கொடுத்த வரிசை வீடு. நிற்காமல் போன ரயில்.

"அட, தொரமாரு பாட்டுன்னுல்ல இத்தன நாளா நெனச்சிருந்தேன்," என்றார் ஜீவராஜ். "நம்மாளுக பாட்டா இது?"

அதற்கடுத்த வருடம் குழு உண்டானது. பெயர், 'ஆறாம் நம்பர் லயம்'. ஜீவராஜ் பிறந்து, இன்றும் வசிக்கும் தோட்டத்து வரிசை வீட்டின், லயத்தின், பெயரே அது. மடிக் கிட்டார் அவர். தந்திமேல் வழுக்கவிடும் இரும்பு, கழித்துப் போட்ட ஒரு ரோலர் மெஷினின் ஆணியை அறுத்து, அராவி, கண்ணாடி போல அவரே தேய்த்தது. ஃபாஸிலுக்கு மேண்டலின். ஆட்டோ ஓட்டும் கிஷாந்த் தேயிலைப் பெட்டிப் பலகையில் செய்த ஒரு பெட்டிமேல் உட்கார்ந்து அதையே தட்டுவான். பாடுவது சர்மிளா, ஜீவராஜின் தங்கை.

சர்மிளா அண்ணனுக்குப் பன்னிரண்டு வயது இளையவள். கொழுந்து எடுப்பவள். பாட்டு யாரிடமும் படித்ததில்லை. அண்ணன் இரும்பை இழுக்கிற மாதிரியே குரலை இழுப்பாள், ஓரத்தில் கொஞ்சம் தேய்ந்த குரல். தாய் தகப்பன் போன பிறகு வீட்டில் இவர்கள் இரண்டு பேர்தான். அவளுக்கு முடித்துவிட்டுத் தனக்குப் பார்க்கலாம் என்று ஜீவராஜ் இருந்தார். அவரைப் பெண் கேட்டு யாராவது வந்தால், "எங்கண்ணன் ராத்திரியில காத்தாடி மாதிரி கொறட்ட விடும், பரவால்லயா?" என்று அனுப்பிவைத்தவள் அவள்.

நான்கு வருடத்துக்கு முன், வெயில் காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கொழுந்து இல்லாததால் காற்றாடிகள் எல்லாம் நின்றிருந்தன. டீமேக்கர் ஐயாவிடம் அனுமதி கேட்டு, கொழுந்து வாட்டும் அந்த மேல்மாடியிலேயே எட்டுப் பாட்டுகளையும் பதிவு செய்தார்கள். கூரைக் கம்பியில் கயிறு கட்டி மைக்கைத் தொங்கவிட்டிருந்தார்கள். சர்மிளா பிந்தித்தான் வந்தாள். ஆற்றில் துணி துவைத்து, ஈரமூட்டையை இடுப்பில் வைத்துக்கொண்டு, ரோட்டிலிருந்து லயத்துக்கு ஏறும் எண்பத்தாறு கல்படிகளையும் ஏறி, மூட்டையை வீட்டில் போட்டுவிட்டு, ஸ்டோர் மேட்டையும் ஏறி அப்படியே வந்து மைக் முன்னால் நின்றாள்.

முதல் பாட்டு அவர்களே கட்டியது.

நானுஓயா தாண்டினா ரயிலு மெதுவாப் போகுமாம்
எறங்கி நடந்தாக் கூட அது என்ன விட்டுப் போகாதாம்

மூன்றாவது நிமிடம் தாண்டி, கடைசிச் சரணம் தொடங்க வேண்டிய இடத்தில் குரல் வரவில்லை. ஒரு வெறுமை. பிறகு உள்ளே இழுக்கும் ஒரு மூச்சு, தகரத்தைக் கல்லில் உரசுவது போல. அதன் பின்னால் ஒரு படி இறங்கிய குரலில் வரி வந்தது: வெளக்கு மட்டும் தெரியுதம்மா, வீடு எங்கன்னு தெரியல.

"இன்னொருக்கா எடுப்போம்," என்றார் ஜீவராஜ். "எடையில விட்டுட்ட."

"போதும்ணே. முடியல. வேணும்னா நீயே பாடிக்க."

ஃபாஸில்தான் சமாதானம் பண்ணினான். "விடுங்க அண்ணன். நல்லாத்தான் ஈக்குது. அப்படியே போடுவோம்."

அப்படியே போட்டார்கள். இணையத்தில் அது ஏழு மாதம் அனாதையாகக் கிடந்தது. பிறகு ஒரு காலை, அமெரிக்காவின் தெற்கே ஏதோ ஓர் ஊரில், இந்த வகைக் கிட்டார்ப் பாட்டுகளுக்கென்றே நடக்கும் ஓர் இணையப் பத்திரிகையில் விமர்சனம் வந்தது. ஐந்துக்கு நாலரை நட்சத்திரம். கடைக் கண்ணாடி மேசைமேல், திறந்து போட்ட போன்களுக்கு நடுவில் கணினியை வைத்து, ஷப்னா அதைத் தமிழில் சொல்லிச் சொல்லி வாசித்தாள். ஜீவராஜ் எழுதிக்கொண்டார். இப்போதும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்:

"இந்தக் கிட்டார் அழுவதில்லை. அழுது முடித்தவர்களின் வீட்டில் ஒரு கதவு மெல்லச் சாத்தப்படுவது போல் ஒலிக்கிறது. நம்முடைய இசை நம்மிடமே மறந்துபோன ஒன்றை, உலகத்தின் மறுபக்கத்து மலையொன்றில் நால்வர் ஞாபகம் வைத்திருக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, மூன்றாம் நிமிடம் பதினோராம் செக்கன். பாடகி நிறுத்துகிறார். மூச்சை இழுக்கிறார். வேறு யாராக இருந்தாலும் வெட்டி எறிந்திருப்பார்கள். இவர்கள் அதைப் பாட்டின் நடுவில் வைத்திருக்கிறார்கள். இந்த வருடம் நான் கேட்டவற்றில் மிகத் துணிச்சலான ஓசை அந்த மூச்சு."

அதற்குப் பிறகு கொழும்பு ஆங்கில வாரப்பத்திரிகை ஒன்று எழுதியது. ஒரு ஜெர்மன் வானொலி ஒலிபரப்பியது. ஒரு தமிழ்ச் சஞ்சிகை நாலு பக்கம் ஒதுக்கியது. பாராட்டியவர்கள் ஒருவர்கூட அந்த மூச்சைச் சொல்லாமல் விடவில்லை. ஒருவர் அதைத் தோட்டத்துச் சனங்களின் இருநூறு வருட மௌனம் என்று எழுதினார். இன்னொருவர் பனிமூட்டம் பாடுகிறது என்றார். ஜீவராஜ் நாலரை நட்சத்திரத்தைத் தலவாக்கலைக்குக் கொண்டுபோய்ப் பிளாஸ்டிக் உறையிட்டு, வீட்டில் முருகன் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார். சாமிக்குச் சூடம் காட்டும் கை ஒரு சுற்று அதற்கும் போய்விட்டு வரும். வேண்டுமென்று செய்வதில்லை, கை தானாகப் போவதுதான்.

பிறகு நுவரெலியாவில் ஒரு நிகழ்ச்சிக்கு அழைப்பு வந்தது. ஒத்திகை வீட்டு வாசலில். சர்மிளா வாங்கில் உட்கார்ந்து, கால் ஆட்டிக்கொண்டு, முதலிலிருந்து கடைசிவரை ஒரு தடங்கலுமில்லாமல் பாடி முடித்தாள். ஃபாஸில் மேண்டலினை மடியில் வைத்துவிட்டு ஜீவராஜைப் பார்த்தான். ஜீவராஜ் படிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னண்ணே மூஞ்சி அப்படிப் போகுது?"

"நல்லாத்தான் பாடுன. அந்த எடம் வரல."

"எந்த எடம்?"

"மூச்சு."

"மூச்சு வாங்காமப் பாடுறதுதானேண்ணே நல்ல பாட்டு? ஸ்கூல்ல அப்படித்தானே சொன்னாங்க."

"ஸ்கூல்ல நாலரை நட்சத்திரம் குடுத்தாங்களா?"

பொய்யாக நிறுத்திப் பார்த்தாள். நடிப்பு என்று அவருக்கே தெரிந்தது. அந்தக் காதை ஏமாற்ற முடியாது. அப்போதுதான் அவருக்கு அந்த ஞாயிற்றுக்கிழமையின் ஈரத்துணி மூட்டை ஞாபகம் வந்தது.

"ஒருக்கா ரோட்டு வரைக்கும் எறங்கி, ஏறிட்டு வா."

"பைத்தியமாண்ணே ஒனக்கு?"

"ஒரே ஒருக்கா."

சிரித்துக்கொண்டே பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினாள். எண்பத்தாறு படி கீழே, எண்பத்தாறு படி மேலே. "எஞ்சின் சூடாகட்டும்!" என்று கிஷாந்த் பெட்டியைத் தட்டி உற்சாகப்படுத்தினான். மேலே வந்ததும் இடுப்பில் கைவைத்துக் குனிந்து நின்றாள். "இப்ப பாடு," என்றார் அண்ணன். பாடினாள். மூன்றாம் நிமிடத்தில் அது வந்தது. அச்சு அசலாக வந்தது. ஃபாஸில் வாசிப்பதை நிறுத்திக் கைதட்டிவிட்டான்.

அன்றிலிருந்து அது அவர்களுடைய வழக்கமாயிற்று. ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் முன்னால் சர்மிளா படியேற வேண்டும். மலைப்பக்கத்தில் படிக்குப் பஞ்சமில்லை. கொழும்பில் சமதரையில் ஒரு மண்டபம் கிடைத்தபோது, கட்டடத்தின் பின்பக்க மாடிப்படியில் நாலு மாடி ஏற்றி இறக்கினார்கள். மேடையில் அந்த இடம் நெருங்கும்போது ஜீவராஜ் இரும்பைத் தந்தியிலிருந்து ஓரங்குலம் உயர்த்திப் பிடிப்பார். அதுதான் அடையாளம். அவள் மூச்சை இழுத்ததும் கை தாழும், இரும்பு தந்தியில் பட்டு நழுவும். அந்த ஓரங்குல உயரத்துக்காகவே சனம் வந்தது.

முதல் வருடம் எண்பத்தாறு படியும் தேவைப்பட்டது. இரண்டாம் வருடம் நாற்பதிலேயே வந்துவிட்டது. பிறகு பன்னிரண்டு. மூன்றாம் வருடத்தில் ஒரு நாள் படியே ஏறாமல், நாற்காலியிலிருந்து எழுந்து மைக் வரை நடந்து வந்தே அந்த மூச்சைக் கொண்டுவந்தாள்.

"இப்ப படியே வேணாம்டா," என்றார் ஜீவராஜ் ஃபாஸிலிடம், பெருமை தாங்காமல். "தானா வருது. பழகிட்டா."

தமிழ்ச் சஞ்சிகைக்காரர் கேட்டபோதும் அதையே சொன்னார். அது அச்சிலும் வந்தது.

அந்த மூன்று வருடத்தில் ஸ்டோரில் பதினான்கு பேரிங்குகள் பழுதாகும் முன்பே அவர் சொல்லி மாற்றியிருக்கிறார். வீட்டில் தங்கை ஒரு தலையணைக்கு இரண்டு கேட்டாள். குளிருக்கு என்று நினைத்தார். கொழுந்து நிரையில் அவள் ஓரமாக உட்கார்ந்துவிடுகிறாள் என்று பெண்கள் சொன்னார்கள். "பாட்டுக்காரியாயிட்டால்ல, இனி மலைக்கு வருவாளா?" என்ற கேலியோடு அது முடிந்தது. அவளும் யாரிடமும் முறையிடவில்லை. மேடேறினால் மூச்சு வாங்குவதை அந்தத் தோட்டத்தில் யாரும் நோயென்று நினைப்பதில்லை. அங்கே அது வேலையின் ஒரு பகுதி, கூடையைப் போல.

போன வருடம் ஹட்டனில் ஒரு மண்டபம். கூட்டம் நிறைந்திருந்தது. மூன்றாம் நிமிடம். ஜீவராஜ் இரும்பை உயர்த்தினார். சர்மிளா மூச்சை இழுத்தாள். வரி வரவில்லை. இன்னொரு தரம் இழுத்தாள். இன்னொரு தரம். மைக் கம்பத்தைப் பிடித்தபடியே மெல்ல மேடையில் உட்கார்ந்தாள். சனம் எழுந்து நின்று கைதட்டியது. யாரோ விசிலடித்தார்கள். ஃபாஸிலின் போனில் அந்த வீடியோ இருக்கிறது. இரும்பு பத்தொன்பது செக்கன் காற்றில் நிற்கிறது. அந்தப் பத்தொன்பது செக்கனும் ஜீவராஜ் சிரித்துக்கொண்டிருக்கிறார்.

பெரிய ஆஸ்பத்திரியில் இளவயது டாக்டரம்மா ஒருவர் பொறுமையாக விளக்கினார். சின்ன வயதில் வந்த மூட்டுக் காய்ச்சல் இதயத்துக்குள் ஒரு கதவைக் கெடுத்திருக்கிறது. அது வருடா வருடம் சுருங்கி, இப்போது சரியாகத் திறப்பதில்லை. இரத்தம் பின்னால் தேங்கி நுரையீரலை அழுத்துகிறது.

"எப்பயிருந்து மூச்சு வாங்குது?" என்று டாக்டரம்மா கேட்டார்.

சர்மிளா, "ஞாபகமில்லங்க," என்றாள்.

ஜீவராஜ் தேதியைச் சொன்னார். கிழமையையும் சொன்னார். மணி பதினொன்று இருக்கும் என்றார். டாக்டரம்மா பேனாவை நிறுத்திவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"அப்ப வந்திருந்தா, காலு வழியா ஒரு கம்பிய விட்டே அந்தக் கதவத் தொறந்து விட்டிருக்கலாம்."

அவ்வளவுதான் சொன்னார். குரலில் குற்றம் சாட்டும் தொனி இல்லை. ஆனால் ஜீவராஜுக்கு 'கதவு' என்ற சொல் போய் எங்கே ஒட்டியது என்பது அவருக்குத்தான் தெரியும். அன்று வீட்டுக்கு வந்ததும் பிளாஸ்டிக் உறையிட்ட விமர்சனத்தைக் கழற்றிக் கட்டிலுக்கடியில் தள்ளினார். மறுநாள் வேலை முடிந்து வந்தபோது அது பழைய ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. அதை எடுத்து மாட்டிய களைப்பில் சர்மிளா தரையில் உட்கார்ந்திருந்தாள்.

"எதுக்கு ஒளிச்சு வைக்கிற? எனக்கு ஒரே ஒருத்தன் நாலரை குடுத்திருக்கான். அதுவும் கண்ணுல படக்கூடாதா?"

அவர் தோளைப் பிடித்துத் தூக்கி அவளை வாங்கில் உட்காரவைத்தார்.

"அரைய எதுக்குக் கொறச்சான்னு மட்டும் ஷப்னாவ விட்டுக் கேக்கச் சொல்லுண்ணே. நான் என்ன கொறையா பாடுனேன்?"

பாராட்டு நின்றபாடில்லை. இந்தப் பத்து வருடத்தின் சிறந்த இசைத் தொகுப்புகள் என்று ஒரு பட்டியல் வந்தது, அதில் ஆறாம் நம்பர் லயம் இருபத்தேழாவது. அமெரிக்காவில் ஒரு கம்பெனி அந்த எட்டுப் பாட்டுகளையும் இசைத்தட்டாகப் போட விரும்புகிறது. கூடவே புதிதாக ஒரு பாட்டும் வேண்டுமாம், 'அந்த மூச்சோடு'. கடிதத்தைக் காட்ட ஃபாஸிலும் ஷப்னாவும் லயத்துக்கே ஏறி வந்தார்கள். வாசல்வரை வந்த ஃபாஸில் உள்ளே பார்க்காமல் திரும்பிக்கொண்டான். அன்று கைதட்டியவன் அவன்.

ஷப்னா தாழ்ந்த குரலில் சொன்னாள்: "அண்ணன், அந்த நாலரை நட்சத்திரம் போட்டவருக்கு நான் உண்மையை எழுதட்டுமா? அவரு தெரிஞ்சிக்க வேணாமா?"

"வேணாம் புள்ள."

"அவருதானே இதை ஆரம்பிச்சது?"

"இல்ல." ஜீவராஜ் கையிலிருந்த கிரீஸைத் துணியில் துடைத்தார். துடைத்த கையையே மறுபடி துடைத்தார். "அந்த மனுசன் பத்தாயிரம் மைலுக்கு அங்கிட்டு இருந்துக்கிட்டு, எந்த எடத்துல கோளாறுன்னு செக்கன் கணக்கா சொல்லிட்டாரு. பக்கத்துல உக்காந்திருந்தவனுக்குத்தான் கேக்கல."

மாதம் ஒரு முறை கிஷாந்தின் ஆட்டோவில் கிளினிக். ஆட்டோ லயத்துக்கு வராது. அதனால் எண்பத்தாறு படிகளிலும் கிஷாந்த் அவளை முதுகில் சுமந்து இறக்குகிறான், சுமந்து ஏற்றுகிறான். "எஞ்சின் சூடாயிருச்சாடா?" என்று அவள் அவன் காதுக்குள் கேட்கிறாள். அவன் சிரிக்க முயன்று தோற்கிறான். பின்னால் ஜீவராஜ் வெறுங்கையோடு ஏறிவருகிறார். யாராவது எதிரே வந்தால் ஒதுங்கி நிற்கிறார், அவர்களுடைய மூச்சு கடந்து போகும்வரை.

நெஞ்சுக்குள் இருக்கும் அழுத்தம் இறங்கினால் ஒப்பரேஷனுக்குத் தேதி போடலாம் என்று முதல் ஆறு மாதம் டாக்டரம்மா சொல்லிவந்தார். ஒவ்வொரு மாதமும் படம் எடுத்துப் பார்த்தார்கள். அது இறங்கவில்லை. போன மாதம் தேதியைப் பற்றிய பேச்சே வரவில்லை. சர்மிளாவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, "மருந்த விடாம குடுங்க. பிடிச்சதச் சாப்பிடக் குடுங்க," என்றார்.

ஜீவராஜுக்கு அந்தத் தொனி புதிதல்ல. இனி உதிரிப்பாகம் வாங்கிப் பிரயோசனமில்லை என்று முடிவான மெஷினுக்கு முன்னால் நின்று, ஓடுகிற வரைக்கும் எண்ணெய் விட்டு ஓட்டுங்க என்று அவரே எத்தனை தரம் சொல்லியிருக்கிறார், இதே மாதிரி மெதுவாக. வெளியே வந்து தங்கையிடம், "என்ன சாப்பிடுற?" என்று மட்டும் கேட்டார். "என்னத்துக்கு டாக்டரம்மா ஒன்னய மட்டும் கூப்பிட்டாங்க?" என்று அவள் கேட்டாள். "மருந்து மாத்துறாங்களாம்," என்றார். அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "வடை," என்றாள்.

கிட்டார் கட்டிலுக்கடியில் இருக்கிறது. இரும்பு எங்கே இருக்கிறதென்று அவர் சொல்வதில்லை. "எனக்காக வேணாம், கொசுவ வெரட்டவாச்சும் வாசிண்ணே," என்று அவள் கேட்டுப் பார்த்துவிட்டாள். அவருடைய வேலையெல்லாம் இப்போது ஒன்றுதான். ஸ்டோர் விட்டு வந்தால் அவளுக்கு எதிரே பலகையைப் போட்டு உட்கார்ந்துகொள்வது. பேப்பரைப் பிரித்துப் பிடித்திருப்பார். கண் அதில் இருக்கும், காது இருக்காது. அவளுக்கா தெரியாது அந்தக் காதை?

போன ஞாயிறு காலை பேப்பரைப் பிடுங்கி மடித்து வைத்துவிட்டுச் சொன்னாள்: "எண்ணாதண்ணே."

"எத?"

"நான் மூச்சு விடுறத. நீ எண்ணுறது எனக்குத் தெரியுது. நீ எண்ணுனா எனக்கு விட வரமாட்டேங்குது. மேடையில நிக்கிற மாதிரி இருக்கு." கொஞ்சம் நிறுத்தி, இழுத்து, மறுபடி தொடர்ந்தாள். "எல்லாருக்கும் பாடியாச்சு. இத மட்டுமாச்சும் யாரும் கேக்காம விடுறேனே."

ஜீவராஜ் எழுந்து பலகையை எடுத்துச் சுவரோரம் சாய்த்தார். சரி என்று தலையாட்டினார். அன்று மத்தியானம்வரை லயத்துப் பக்கமே வரவில்லை. எட்டாம் நம்பர் காற்றாடியின் புதுப் பேரிங்கைப் பார்க்க, விடுமுறை நாளில், ஸ்டோருக்குப் போயிருந்தார்.

திரும்பி வரும்போது மணி இரண்டு. பனி இறங்கி எதிர் மலை காணாமல் போயிருக்கிறது. அடுத்த வீட்டு டீவியில் யாரோ சிரிக்கிறார்கள். வீட்டை இரண்டாகப் பிரிக்கும் பலகைத் தடுப்பின் முன்பக்கத்தில், மூன்று தலையணைகளை அடுக்கி, தடுப்பில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தபடியே சர்மிளா தூங்குகிறாள். படுத்தால் அவளுக்கு முடிவதில்லை. ஜீவராஜ் முன்வாசலால் போகவில்லை. சுற்றிக்கொண்டு, செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்து, பின்பக்கம் அடுப்படிக்குள் நுழைகிறார். தடுப்பின் இந்தப் பக்கம் முழங்காலிட்டு உட்காருகிறார். பலகையில் கைவைத்துத் தடவி, மறுபக்கத்துச் சூடு எங்கே இருக்கிறதென்று பார்க்கிறார். காற்சட்டைப் பையிலிருந்து ஸ்க்ரூடிரைவரை எடுக்கிறார். இரும்பு நுனியை அந்த இடத்தில் சத்தமில்லாமல் ஊன்றுகிறார். மரப்பிடியைக் காதுக்குள் பொருத்திக் கண்ணை மூடுகிறார்.

உள்ளே ஒரு மூச்சு முடிகிறது. பிடியைப் பிடிக்காத கை, எதையோ விரல்களுக்கிடையில் பிடித்திருப்பது போல மடங்கி, காற்றில் ஓரங்குலம் உயர்கிறது. அப்படியே நிற்கிறது. பலகைக்கு அந்தப் பக்கம் தகரத்தைக் கல்லில் உரசுவது போல அடுத்த மூச்சு வந்ததும் கை தாழ்கிறது. மறுபடி உயர்கிறது. நிற்கிறது.